கலையகத்துச் சட்டாம்பிள்ளை

வானொலியில் முதன்முதலாகப் பேசச் சென்ற நாளை நான் இன்றும் மறக்கவில்லை. பேச்சு ஒலிப்பதிவாகி முடிந்ததும், கட்டுப்பாட்டறையிலிருந்த அன்பர் என்னை உள்ளே அழைத்துப் பதிவைத் திருப்பிப் போட்டுக் காட்டினார். மேசைக்கு அப்பால் நின்ற சாம்பல் நிறப் பெட்டி ஒன்றிலிருந்து என் குரல் எழுந்தது. குரல் மட்டுமா எழுந்தது? வாக்கியத்துக்கு வாக்கியம் நான் மூச்சிழுத்த ஓசை, நாக்கு மேலண்ணத்திலிருந்து பிரிந்த சிற்றொலி, தாள் புரண்ட சரசரப்பு, நாற்காலி ஒரு தடவை முனகிய முனகல் ஆகியன யாவும் சொற்களுக்கு முன்னே வந்து வரிசையாக நின்றன. "இரண்டாம் பக்கத்தை மட்டும் இன்னொருக்கால் வாசித்துவிடுங்கள் ஐயா, தாள் கதைக்கிறது" என்றார் அவர். வாசித்தேன். ஒரு வாரங் கழித்து அதே பேச்சை வீட்டு வானொலிப் பெட்டியிற் கேட்டேன். மூச்சும் இல்லை, முனகலும் இல்லை. குரல் நான் எண்ணியிருந்ததைவிடக் கனிவாகவும் கனமாகவும் ஒலித்தது. வீட்டார் மெச்சினர். எனக்கோ உள்ளூர ஓர் ஐயம். இரு பெட்டிகளுள் உண்மை சொன்னது எது?

அந்த ஐயத்திலிருந்து பிறந்ததே இன்றைய பேச்சு. கட்டுப்பாட்டறையில் நிற்கும் ஒலிபெருக்கியை 'மொனிற்றர்' என்பர். இச்சொல் நமக்குப் புதியதன்று. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வெளியே சென்றிருக்கும் வேளையில் வகுப்பைக் கண்காணித்து, வாய் திறந்தவன் பெயரையெல்லாம் கரும்பலகையில் எழுதிவைக்கும் சட்டாம்பிள்ளைக்கும் அதே பெயர்தான். எச்சரித்தல் என்னும் பொருள்கொண்ட இலத்தீன் வினையடியிலிருந்து பிறந்த சொல் அது. சட்டாம்பிள்ளை வகுப்பை மகிழ்விக்க நியமிக்கப்பட்டவன் அல்லன். நடந்ததை நடந்தபடி சொல்ல நியமிக்கப்பட்டவன். கலையக ஒலிபெருக்கியின் வேலையும் அதுவே. வீட்டு ஒலிபெருக்கியோ மாலையில் வந்து திண்ணையில் அமர்ந்து கதைபேசும் நண்பனைப் போன்றது. நண்பன் ஒன்றிரண்டைக் கூட்டியோ குறைத்தோ சொன்னாலும் நாம் பொருட்படுத்துவதில்லை.

உடலமைப்பில் இவ்விரண்டும் உடன்பிறந்தவை. 1925 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த றைஸ், கெலொக் ஆகிய இருவர் விவரித்த அமைப்பே இன்றும் பெரும்பாலான பெட்டிகளுக்குள் இருக்கிறது. காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள். சுருளோடு ஒட்டிய ஒரு கூம்பு. மின்னோட்டம் மாறுந்தோறும் சுருள் முன்னும் பின்னும் அசைய, கூம்பு காற்றை அசைக்கிறது. கொழும்பில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியதும் அதே 1925 ஆம் ஆண்டின் இறுதியில்தான் என்பதைச் சுவை கருதிக் குறிப்பிடுகிறேன். ஒரே கூம்பு ஆழ்ந்த ஒலியையும் உச்ச ஒலியையும் ஒருங்கே செவ்வனே எழுப்புதல் அரிது. ஆதலால் ஆழ்ந்த ஒலிக்குப் பெரிய கூம்பு, உச்ச ஒலிக்குச் சிறிய கூம்பு, இரண்டுக்கும் இடையே ஒலிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் மின்சுற்று என்று அமைத்தனர். வீட்டுப் பெட்டியைத் திறந்தாலும் இதுதான்; கலையகப் பெட்டியைத் திறந்தாலும் இதுதான்.

அப்படியாயின் வேறுபாடு எங்கே? அது மரத்திலோ காந்தத்திலோ இல்லை. பெட்டியின் முன்னே அமர்ந்திருப்பவர் கேட்டபின் என்ன செய்யப்போகிறார் என்பதில் இருக்கிறது. வீட்டிலே கேட்பவர் கேட்டு மகிழ்கிறார், அத்துடன் சரி. கலையகத்திலே கேட்பவர் ஒரு முடிவு செய்கிறார். வயலினை உயர்த்துவதா, மிருதங்கத்தைத் தாழ்த்துவதா, பாடகர் ஒலிவாங்கிக்கு மிக நெருங்கிவிட்டாரா என்றெல்லாம் அவர் செய்யும் முடிவுகள் பதிவிலே படிந்துவிடுகின்றன. காய்ச்சலால் நாக்குக் கெட்ட ஒருவர் கலியாண வீட்டுச் சமையலுக்கு உப்புப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு உப்புப் போதாது என்று தோன்றும். இன்னும் ஒரு பிடி போடுவார். பந்தியில் இருக்கும் அத்தனை பேரும் கரிக்கும் கறியை உண்ண நேரும். பந்தியில் உள்ள ஒருவருக்கு நாக்குக் கெட்டிருந்தாலோ, குறை அவர் இலையோடு நின்றுவிடும்.

ஒலியிலும் இதுவே நிகழ்கிறது. ஆழ்ந்த ஒலிகளை உள்ளதைவிட மிகுத்துக் காட்டும் ஒலிபெருக்கி ஓர் ஒலிப்பதிவாளருக்கு வாய்த்தால், மிருதங்கத்தின் தொப்பி மிகையாகிவிட்டது என்று எண்ணி அதனை அவர் குறைப்பார். இசைத்தட்டு வீடுகளை அடையும்போது மிருதங்கம் தகரம்போல ஒலிக்கும். உச்ச ஒலிகளை மழுக்கிக் காட்டும் பெட்டி வாய்த்தால், அவற்றை ஏற்றிவிடுவார். காதைக் குத்தும் பதிவு வெளிவரும். கலையகப் பெட்டியின் குற்றம் தலைகீழாகத் திரும்பி எண்ணற்ற வீடுகளிற் போய் ஒலிக்கிறது. வீட்டுப் பெட்டியின் குற்றம் அந்த வீட்டுக் கூரையைத் தாண்டுவதில்லை. மொனிற்றரிடம் நாம் இனிமையைக் கேளாமல் நேர்மையைக் கேட்பதற்குக் காரணம் இதுவே.

இதனை நன்குணர்ந்து முறையாக ஆராய்ந்தவர்களுள் பி.பி.சி.யின் ஆய்வுப் பகுதியினர் முன்வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் கையாண்ட சோதனைகளுள் ஒன்று வியக்கத்தக்க அளவுக்கு எளியது. ஒருவரைக் கலையகத்தில் இருத்திப் பேசச் செய்வர். அவர் குரலை நேரே கேட்பர். உடனே அடுத்த அறைக்குச் சென்று, ஒலிவாங்கி வழியே வந்த அதே குரலை ஒலிபெருக்கியிற் கேட்பர். மீண்டும் உள்ளே, மீண்டும் வெளியே. இசைக்கருவியை மட்டும் நம்பிச் சோதித்தால் செவி ஏமாறக்கூடும். வீணைக்கு வீணை நாதம் வேறுபடும், எது சரியென்று எவர் சொல்வது? மனிதக் குரலிலோ நமது செவி பிறந்த நாள்தொட்டுப் பயின்றிருக்கிறது. நெஞ்சிலிருந்து வரும் கனம் சற்றே மிகுந்தாலும், சகர ஒலி சற்றே கூர்மையடைந்தாலும் அது உடனே கண்டுகொள்ளும்.

அளவுக் கருவிகளையும் அவர்கள் விட்டுவிடவில்லை. 1946 இல் அப்பகுதியைச் சேர்ந்த ஷோர்ட்டர் என்பவர், மின்னோட்டம் நின்ற பின்னும் கூம்பு தன்பாட்டிற் சிறிதுநேரம் அதிர்ந்துகொண்டிருப்பதைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். கோயில் மணியை அடித்துவிட்ட பின்பும் அதன் நாதம் தொடர்கிறதல்லவா? மணிக்கு அது அழகு. ஒலிபெருக்கிக்கு அது நோய். ஒரு சொல்லின் முடிவு அடுத்த சொல்லின் தொடக்கத்தோடு குழம்பிவிடும்.

அக்காலத்துக் கூம்புகள் காகிதக் கூழினால் ஆனவை. இன்று கிடைக்கும் கூழ்போல நாளை கிடைப்பது இராது; காற்றின் ஈரமும் அதனைத் தீண்டும். ஒரே பெயரில் வாங்கிய இரண்டு ஒலிபெருக்கிகள் இரண்டு விதமாகப் பேசின. வீட்டிலிருப்பவருக்கு இது தெரியவே வராது. அவரிடம் இருப்பது ஒரே ஒரு சோடி. பல கட்டுப்பாட்டறைகளைக் கொண்ட ஒலிபரப்பு நிலையத்துக்கோ இது பெருந்தொல்லை. காலையில் ஓர் அறையிற் சரிபார்த்த நிகழ்ச்சி மாலையில் மற்றோர் அறையில் வேறாக ஒலித்தால் எந்த அறையை நம்புவது? ஆகவே 1960களில் ஹார்வூட் முதலிய பி.பி.சி. பொறியியலாளர்கள் பெக்ஸ்றீன் என்னும் பிளாஸ்டிக் தகட்டினாற் கூம்பு செய்யும் முறையை வளர்த்தெடுத்தனர். ஒன்றைப்போல ஒன்று இருத்தல் என்ற இந்தப் பண்பைப் பற்றி விளம்பரங்கள் அதிகம் பேசுவதில்லை. கலையகத்தாருக்கு அது உயிர்நாடி.

உடல்வலிமையும் அத்தகையதே. கலையகத்தில் ஒலிவாங்கி கை தவறி விழும். இணைப்புக் கம்பியை எவரேனும் இடையிற் பிடுங்குவர். ஒலிநாடாக் காலத்திலோ நாடாவை விரைவாகச் சுற்றும்போது எழும் கீச்சொலி சிறு கூம்பின் மெல்லிய கம்பிச்சுருளை எரித்துவிடவும் வல்லது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், பல ஆண்டுகள், உரத்த ஒலியில் இவ்வளவையும் தாங்கவேண்டும். வீட்டுப் பெட்டிக்கு இந்தச் சோதனை வருவதில்லை. வீட்டு அம்மையார் கூடத்தில் வைக்கச் சம்மதிப்பாரா என்ற சோதனைதான் அதற்கு வரும். அதனாலேயே அதற்கு மெருகிட்ட மரம், முன்புறத் துணி, ஒல்லியான உருவம் எல்லாம் வாய்க்கின்றன. இதை நான் இகழ்ச்சியாகச் சொல்லவில்லை; கூடம் மனிதர் வாழும் இடம்.

அடுத்தது தூரம். ஒலிப்பதிவாளர் மேசையின் முன் அமர்ந்து, ஏறக்குறைய ஒரு மீற்றருக்கு அப்பாலுள்ள பெட்டிகளைக் கேட்கிறார். அவ்வளவு அண்மையிற் செவிக்கு முதலில் வருவதும் மிகுதியாக வருவதும் பெட்டியிலிருந்து நேரே வரும் ஒலி. வீட்டிலே நாம் மூன்று நான்கு மீற்றர் தள்ளி அமர்கிறோம். சில வேளை அடுத்த அறையிலிருந்தும் கேட்கிறோம். அங்கே நேரொலி மெலிந்து, சுவரிலும் தரையிலும் பட்டுத் தெறித்த ஒலியே பெரும்பங்கு வகிக்கிறது. நமது வீடுகளை எண்ணிப் பாருங்கள். பளபளக்கும் சீமெந்துத் தரை, வெறுஞ் சுவர், கம்பளமோ கனத்த திரையோ இல்லாத கூடம். கைதட்டினால் அறை திருப்பித் தட்டும். இத்தகைய அறையில் நல்ல வீட்டு ஒலிபெருக்கி முன்னே மட்டுமன்றிப் பக்கங்களிலும் ஒழுங்காக ஒலியைப் பரப்பவேண்டும். பக்கமாகச் சென்ற ஒலியே சுவரிற் பட்டு நம்மிடம் திரும்பி வருகிறது. ஒருவர் மட்டும் நடுவில் அமர்ந்து கேட்பதற்கென்று அமைத்த அண்மைப் பெட்டியை அந்தக் கூடத்தின் கோடியில் வைத்து, குடும்பம் முழுவதும் சுற்றியிருந்து கேட்டால், பெட்டியின்மீது குறை சொல்வதில் நியாயமில்லை. சுவரோடு ஒட்டி வைத்தால் ஆழ்ந்த ஒலிகள் மேலும் பெருகும். மூலையில் வைத்தால் இன்னும் பெருகும். இதை அறிந்தே பல மொனிற்றர்களின் முதுகில் ஆழ்ந்த ஒலியைக் குறைக்கும் சிறு ஆளிகளை வைத்திருக்கிறார்கள்.

உரப்பும் கணக்கில் எடுக்கவேண்டியதே. 1933 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளெச்சர், மன்சன் என்போர் ஓர் உண்மையை அளந்து வெளியிட்டனர். ஒலி மெலிய மெலிய, நமது செவி ஆழ்ந்த ஒலிகளை மற்றவற்றைவிட விரைவாக இழந்துவிடுகிறது. கலையகத்தில் உரக்கக் கேட்டு நிறைவாக அமைத்த இசையை, இரவிலே குழந்தை உறங்கும் வீட்டிற் குறைத்து வைத்துக் கேட்டால் மிருதங்கம் மங்கிப்போவது இதனாலேதான். பழைய வீட்டு அம்பிளிபயர்கள் பலவற்றில் 'லவுட்னெஸ்' என்று எழுதிய ஒரு விசை இருந்தது. மெல்லிய ஒலியில் ஆழ்ந்த சுருதிகளை உயர்த்திக் கொடுப்பதே அதன் தொழில். மொனிற்றரில் அத்தகைய உபசாரம் இல்லை. ஆழ்ந்த ஒலியைச் சற்றுத் தூக்கலாக அமைத்த வீட்டுப் பெட்டியைப் பொய்யன் என்று தூற்றுவோர் இதையும் நினைவிற் கொள்ளல் நன்று.

இக்காலத்து மொனிற்றர்களிற் பெரும்பாலானவை அம்பிளிபயரைத் தம் வயிற்றிலேயே சுமந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு கூம்புக்கும் தனித்தனி அம்பிளிபயர். பங்கிடும் சுற்று அவற்றுக்கு முன்னதாகவே தன் வேலையை முடித்துவிடுகிறது. பின்லாந்து நாட்டு வானொலியின் தேவைக்காக இத்தகைய பெட்டியை அமைத்து 1978 இல் தொடங்கியதே ஜெனெலெக் நிறுவனம். வீடுகளிலோ அம்பிளிபயர் வேறு, பெட்டி வேறு என்ற பழைய மரபு நெடுங்காலம் நிலைத்தது. இவ்வாண்டு ஒன்றை மாற்றி வருமாண்டு மற்றொன்றை மாற்றும் இன்பம் அதில் உண்டு. உள்ளே அம்பிளிபயர் வைத்த மலிவான பெட்டிகள் சிலவற்றில் மெல்லிய இரைச்சல் எந்நேரமும் கேட்கும். பகலிற் புலப்படாது, இரவு பத்து மணிக்கு மேல் நன்றாகப் புலப்படும்.

இதுவரை இரண்டையும் இரு வேறு சாதிகளாகப் பிரித்துப் பேசினேன். வரலாறோ இந்த வேலியை இரு புறமிருந்தும் தாண்டியிருக்கிறது. வெளிக்கள ஒலிபரப்பு வண்டிகளின் நெருக்கமான அறைகளுக்கென 1970களின் முற்பகுதியில் பி.பி.சி. சிறிய மொனிற்றர் ஒன்றை அமைத்தது. எல்.எஸ். 3/5ஏ என்பது அதன் பெயர். ஏறக்குறைய முப்பது சென்ரிமீற்றர் உயரமுள்ள அந்தப் பெட்டி உலுக்கும் ஒலியை எழுப்பாது; ஆழ்ந்த சுருதிகளும் அதிற் குறைவு. பேச்சையும் பாட்டையும் அது எடுத்துரைக்கும் அழகிலே மயங்கி, வண்டிக்கென்று பிறந்த பெட்டியை வீட்டார் பல்லாண்டு காலம் தேடி வாங்கினர். அமெரிக்காவில் ஜே.பி.எல். நிறுவனத்தின் 4310 என்னும் கலையகப் பெட்டி, 1970 இல் மரப்போர்வையும் செம்மஞ்சள் நுரைமுகமும் அணிந்து எல் 100 என்ற பெயரில் வீடுகளுக்குட் புகுந்தது.

எதிர்த்திசையிற் சென்ற கதை இன்னும் சுவையானது. 1978 இல் யப்பானிய யமஹா நிறுவனம் என்.எஸ். 10 என்னும் சிறு பெட்டியை வீட்டுப் பாவனைக்கென வெளியிட்டது. கறுப்புப் பெட்டி, வெள்ளைக் காகிதக் கூம்பு. வீட்டார் அதனை விரும்பவில்லை. ஒலி வறண்டது, குரல் முன்னே பாய்கிறது என்றனர். அந்தக் குறைகளையே ஒலிப்பதிவாளர்கள் விரும்பினர். பாய்ந்து வரும் குரற்பகுதியில் எந்தப் பிழையும் ஒளிந்திருக்க முடியாது. இந்தப் பெட்டியில் நன்றாக ஒலிக்கச் செய்துவிட்டால் எங்கும் நன்றாக ஒலிக்கும் என்பது அவர்களிடையே வழக்காயிற்று. 1980களில் உலகின் பெருங் கலையகங்களில் மேசைமேல் அந்த வெள்ளைக் கூம்புகள் இல்லாத இடம் அரிது. உச்ச ஒலி கடுமையாக இருந்தமையால், சிறு கூம்பின்மீது மெல்லிய துடைதாளை ஒட்டிவைத்துக் கேட்டனர். 1987 இல் அந்நிறுவனமே கடுமையைத் தணித்துக் கலையகத்துக்கென ஒரு பதிப்பை வெளியிட்டது. 2001 இல் உற்பத்தி நின்றது. அதே ஆண்டில், இங்கிலாந்தின் சவுதாம்டன் பல்கலைக்கழகத்திற் பெறப்பட்ட அளவீடுகளைக் கொண்டு இப்பெட்டியின் வெற்றிக்குக் காரணம் ஆராயப்பட்டது. காற்றுத் துவாரம் இல்லாத மூடிய பெட்டி என்பதால் ஆழ்ந்த ஒலிகள் இழுபடாமல் உரிய நேரத்தில் நின்றுவிடுகின்றன என்று கண்டனர். ஷோர்ட்டர் 1946 இல் ஆராய்ந்த நோய் இதில் மிகக் குறைவாக இருந்தது.

வேண்டுமென்றே எளிய பெட்டியைக் கேட்போரும் உண்டு. ஓரோடோன் என்ற ஒற்றைக் கூம்புப் பெட்டி கைக்கடக்கமான கனசதுரம். ஆழ்ந்த ஒலியும் இல்லை, உச்ச ஒலியும் இல்லை. மோட்டார் வண்டி வானொலியிலும் சமையலறை வானொலியிலும் நிகழ்ச்சி எப்படிக் கேட்கும் என்று அறிவதற்காகவே அதனைக் கலையகங்களில் வைத்தனர். 1982 இல் வெளிவந்த மைக்கல் ஜாக்சனின் 'திரில்லர்' இசைத்தட்டை ஒலிப்பதிவு செய்த புரூஸ் சுவீடியன் இதனை மிகவும் நம்பியவர். கோடிக்கணக்கில் விற்ற இசைத்தட்டுக்கு இந்தச் சிறு பெட்டியும் உப்புப் பார்த்திருக்கிறது. வானொலி நேயர்களாகிய நம்மைக் கலையகத்தார் மறந்துவிடவில்லை என்பதற்கு அது சாட்சி.

இத்துறையில் என் மனத்தை மாற்றிய ஆராய்ச்சி கனடாவில் நடந்தது. 1980களில் அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் பிளொயிட் ரூல் என்பவர், ஒலியைத் தடுக்காத திரைக்குப் பின்னே ஒலிபெருக்கிகளை மறைத்து வைத்துப் பலரைக் கேட்கச் செய்தார். விலையும் பெயரும் உருவமும் தெரியாதபோது பெரும்பாலோர் விரும்பியவை ஒரே தன்மையன. எல்லாச் சுருதிகளையும் ஏற்றத்தாழ்வின்றி முன்னே அனுப்பி, பக்கங்களிலும் திடீர் மாற்றமின்றிப் பரப்பிய பெட்டிகளே அவை. நேர்மையான பெட்டியே இனிமையானது என்றும் பலருக்குத் தோன்றியிருக்கிறது. கலையகத்தார் ஒலிபெருக்கியைக் கொண்டு பதிவைச் செய்கின்றனர். வீட்டார் அப்பதிவைக் கொண்டு ஒலிபெருக்கியைத் தேர்கின்றனர். எது எதனை அளக்கிறது என்று தெரியாத இந்நிலையைக் குழப்பச் சக்கரம் என்று அவர் அழைத்தார். இதற்குப் பின்னர், மொனிற்றர் உண்மைக்கு, வீட்டுப் பெட்டி இன்பத்துக்கு என்று முழுமூச்சாகப் பிரித்துப் பேச எனக்கு நா எழுவதில்லை. பணி வேறு, தூரம் வேறு, தாங்கும் வலிமை வேறு. நல்ல ஒலி மட்டும் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கக்கூடும்.

இன்று கடைகளில் மொனிற்றர் என்ற பெயர் தாங்கிய பெட்டிகள் மலிவாகவே கிடைக்கின்றன. அந்தப் பெயரை இடுவதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. எவரும் எதன்மீதும் ஒட்டலாம். மேசையில் இருந்து தனியே கேட்பவருக்கும், வீட்டிலே பாட்டுப் பதிவு செய்யும் இளைஞருக்கும் நல்ல மொனிற்றர் சோடி தகும். கூடத்தில் நாலுபேர் கூடியிருந்து கேட்கும் வீட்டுக்கு அகலப் பரப்பும் வீட்டுப் பெட்டியே பொருந்தும். எதை வாங்குவதாயினும் பி.பி.சி.யாரின் பழைய சோதனையை நாமும் செய்யலாம். வீட்டில் ஒருவரைக் கொண்டு ஒரு பக்கத்தை நல்ல ஒலிவாங்கியில் வாசிக்கச் செய்து, பதிவையும் அவரையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். முதலிற் பெட்டி வாசிக்கட்டும். பின்பு அவர் அருகில் நின்று அதையே வாசிக்கட்டும். கடைக்காரர் சிரிக்கக்கூடும். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.